கர்நாடக சங்கீதத்தில் பிழைப்பு: பாடவும் பாடம் சொல்லவும் இறங்குவோருக்கு

கர்நாடக சங்கீதத்தை முழுநேரத் தொழிலாக எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் கச்சேரியை மனதில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். மேடை, பட்டுப்புடவை அல்லது ஜிப்பா, முன்வரிசையில் தாளம் போடும் மாமாக்கள், டிசம்பர் மாதத்துப் பத்திரிகை விமரிசனம். அந்தப் படத்தில் விடுபட்டுப் போவது, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு நோட்டுப் புத்தகத்தோடு வந்து உட்காரும் எட்டு வயதுக் குழந்தை. பாட்டை நம்பி வாழ்பவர்களில் மிகப் பலருக்கு மாத வருமானம் அந்தக் குழந்தை வழியாகத்தான் வருகிறது. ஆகவே பாடகராவதையும் பாட்டு ஆசிரியராவதையும் ஒரே தொழிலின் இரண்டு பாதிகளாகவே இங்கே எடுத்துக்கொள்கிறேன். கச்சேரி அமையாவிட்டால் பாடமாவது சொல்லலாம் என்று வருபவர்கள் இரண்டையும் அரைகுறையாகச் செய்வதை நிறையப் பார்த்தாயிற்று.

எங்கிருந்து தொடங்குகிறீர்கள்

சிறு வயதில் பாட்டு வகுப்புக்குப் போய், பத்து வர்ணம், முப்பது கீர்த்தனை என்ற கட்டத்தில் படிப்புக்காக நிறுத்திவிட்டு, வேலைக்குப் போனபின் திரும்பி வருபவர்கள்தான் அதிகம். அஸ்திவாரம் சரியாக இருந்தால் நாலைந்து வருடத்து உழைப்பில் இவர்கள் சின்ன மேடைக்கும் பாடத்துக்கும் தயாராகிவிடலாம்.

முப்பது வயதில் ஸரிகமவிலிருந்து தொடங்குபவருக்குச் சொல்வது வேறு. நன்றாகப் பாடலாம். எட்டுப் பத்து வருடம் நல்ல குருவிடம் இருந்தால் குழந்தைகளுக்கு ஆரம்பப் பாடம் சொல்லும் தகுதியும் வரும். ஆனால் மனோதர்மம் (மேடையிலேயே கற்பனையாக ராகமும் ஸ்வரமும் விரித்துப் பாடுவது) கைவந்து இரண்டு மணிநேரக் கச்சேரி பாடுவதை நம்பி வேலையை விடாதீர்கள். வேலையை விடாமல் பாடுவதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை. இன்று மேடையில் இருப்பவர்களில் பொறியியலும் கணக்கும் படித்துப் பட்டம் வாங்கியவர்கள் நிறையப் பேர்.

சுருதியைக் கண்டுபிடிப்பது

சுருதியின் உயரத்தைக் கட்டை என்று சொல்லும் கணக்கு ஆர்மோனியத்திலிருந்து வந்தது. ஒரு கட்டை என்றால் மேற்கத்தியர்களின் ஸி, நாலு என்றால் எஃப், ஐந்து என்றால் ஜி. ஆண்கள் பெரும்பாலும் ஒன்றிலிருந்து இரண்டு கட்டைக்குள்ளும், பெண்கள் நாலரையிலிருந்து ஆறு கட்டைக்குள்ளும் பாடுகிறார்கள். கீழே மந்தர ஸ்தாயிப் பஞ்சமத்தில் குரல் வெறுங்காற்றாகப் போய்விடாமல், மேலே தார ஸ்தாயிப் பஞ்சமத்தில் கத்தலாக மாறாமல் நிற்கும் சுருதி எது என்று பாருங்கள். மேலே மத்யமம் வரையாவது சிரமமில்லாமல் போக வேண்டும். காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் பாடிப் பார்த்து முடிவு செய்யுங்கள். விடியற்காலையில் குரல் கனத்திருக்கும். அதை நம்பி அரைக் கட்டை இறக்கிவிடக் கூடாது.

குரு பாடும் சுருதியிலேயே சிஷ்யனும் பாடுவது நம்மிடம் பரவலாக உள்ள தப்பு. எம்.டி. ராமநாதன் தன் கனத்த குரலுக்கேற்ற தாழ்ந்த சுருதியையும் சவுக்க காலத்தையும் (மெதுவான நடை) வைத்துக்கொண்டே தனக்கென்று ஒரு பாணியை உண்டாக்கினார். செம்மங்குடி சீனிவாச ஐயருக்கு இயற்கையில் அமைந்தது இனிமையான சாரீரம் இல்லை. சாதகத்தால், அதாவது விடாத பயிற்சியால், அதை வழிக்குக் கொண்டுவந்தார். குரல் சுமார்தான் என்று தயங்குபவர்கள் இந்த இரண்டு பேரின் பழைய ஒலிப்பதிவுகளையும் கேட்டுவிட்டு அப்புறம் தயங்கட்டும்.

பையன்களுக்குக் குரல் உடையும் பருவத்தில் சுருதி நிலையாக நிற்காது. அந்த ஒன்றிரண்டு வருடம் உச்ச ஸ்தாயியில் வற்புறுத்தாமல், தாழ்ந்த சுருதியில் மெல்லப் பாடவிட்டு, மீதி நேரத்தைத் தாளத்துக்கும் கேள்வி ஞானத்துக்கும் ஒதுக்குவது நல்லது. இந்த வயதில்தான் நிறையப் பையன்கள் பாட்டை விட்டுவிட்டு மிருதங்கத்துக்குப் போய்விடுகிறார்கள்.

குரு

ஒரு குருவைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் பாட்டைக் கேட்பதைவிட அவருடைய சிஷ்யர்களின் பாட்டைக் கேட்பது பயன்படும். அவர்களில் எத்தனை பேர் தனியாக நின்று பாடுகிறார்கள்? எல்லோரும் குருவின் குரலைப் போலவே மூக்கால் பாடுகிறார்களா, அவரவர் குரலில் பாடுகிறார்களா? பெரிய பெயருள்ள வித்வானிடம் வாரம் ஒருநாள் கூட்டத்தோடு உட்கார்வதா, பெயர் தெரியாத ஆசிரியரிடம் வாரம் மூன்று நாள் தனியாக உட்கார்வதா என்று வந்தால், முதல் ஏழெட்டு வருடத்துக்கு இரண்டாவதைத்தான் சொல்வேன்.

பாடாந்தரம் என்று ஒன்று இருக்கிறது. ஒரே கீர்த்தனையை ஒவ்வொரு பரம்பரையும் ஒவ்வொரு விதமாகப் பாடும். சங்கதிகள் (ஒரே வரியைப் பாடும் விதவிதமான இசை வடிவங்கள்) மாறும், சில இடங்களில் எடுப்பே (தாளத்தில் பாட்டு தொடங்கும் இடம்) மாறும். இணையத்தில் கேட்ட சங்கதி அழகாக இருக்கிறதென்று குரு சொல்லித்தந்த பாட்டுக்குள் ஒட்டவைக்காதீர்கள். இந்த விஷயம் தெரிந்தவர்கள் முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

குருவை மாற்ற வேண்டிய கட்டமும் வரும். சொல்லாமல் நின்றுவிடுவதுதான் மனக்கசப்பைக் கொண்டுவருகிறது. நேரில் போய், வெற்றிலை பாக்கு பழத்தோடு தட்சிணை வைத்து நமஸ்காரம் செய்து, இன்னாரிடம் போக ஆசைப்படுகிறேன் என்று சொல்லுங்கள். நல்ல ஆசிரியர் என்றால் அவரே கடிதம் போல ஒரு வார்த்தை சொல்லி அனுப்புவார். கோபித்துக்கொண்டாலும் சொன்ன மரியாதை உங்களிடம் நிற்கும்.

தினசரி சாதகம்

மாயாமாளவகௌளையில் சரளி, ஜண்டை, தாட்டு வரிசைகள், பிறகு ஏழு தாள அலங்காரங்கள், கீதம், ஸ்வரஜதி, வர்ணம். புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லப்படும் இந்த வரிசையைத் தாண்டிக் குதிப்பதற்கு வழி கிடையாது. கச்சேரி பாடுபவர்களும் காலையில் இதற்குத்தான் திரும்புகிறார்கள். வரிசைகளை மூன்று காலத்திலும் முதலில் ஸ்வரமாக, பின் அகாரமாக, அதாவது 'ஆ' என்று மட்டும் நீட்டி, பாடுங்கள். வாயைத் திறந்து அகாரம் பாடுவதற்குக் கூச்சப்படுபவர்கள் வாழ்நாள் முழுவதும் உதட்டுக்குள் பாடுவார்கள். வர்ணம் இரண்டு காலம், வேகம் மாறும்போது கைத்தாளம் ஓடக் கூடாது.

சுருதிப் பெட்டி இல்லாமல் ஒருநாளும் பாடாதீர்கள். செல்போனில் தம்புரா செயலி வைத்துக்கொள்வது சௌகரியம்தான். ஆனால் போனின் சின்ன ஸ்பீக்கரில் கீழ் ஷட்ஜம் சரியாகக் கேட்காது. ஒரு வெளி ஸ்பீக்கரில் இணைத்துக் காதுக்கு நேராக இல்லாமல் சற்றுப் பின்னால் வையுங்கள். முடிந்தால் நிஜத் தம்புரா மீட்டக் கற்றுக்கொள்ளுங்கள். நாலு தந்தியையும் சேர்த்துக் கூட்டுவதற்குள் காது தானாகத் தீட்டப்பட்டுவிடும்.

மனோதர்மத்துக்கு வருவோம். இங்கேதான் பெரும்பாலானவர்கள் தேங்குகிறார்கள். ஐம்பது ராகத்தைத் தொடுவதைவிட ஆறு ராகத்தில் ஆழம் போவது கச்சேரிக்கு உதவும். தோடி, சங்கராபரணம், கல்யாணி, காம்போதி, பைரவி, கரஹரப்ரியா. மெயினாக, அதாவது கச்சேரியின் முக்கிய உருப்படிக்கு, எடுக்கும் ராகங்கள் பெரும்பாலும் இவற்றுக்குள்தான் சுற்றும். ஒரு ராகத்தை எடுத்துக்கொண்டு அதில் உள்ள வர்ணம், கீர்த்தனைகள், பெரியவர்கள் பாடிய ஆலாபனைகள் என்று ஒரு மாதம் அதிலேயே இருங்கள். ஆலாபனையில் ஒரு சஞ்சாரத்தைக் கேட்டு, அதே மாதிரி பாடி, பிறகு அதை ஸ்வரமாக எழுதுங்கள். எழுத வராத இடத்தில் உங்களுக்கு ராகம் பிடிபடவில்லை என்று பொருள். கல்பனை ஸ்வரத்தை (அப்போதைக்கப்போது கற்பனையில் பாடும் ஸ்வரம்) ஆதி தாளத்தில் ஒரு ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு சுற்று) என்று தொடங்கி, எடுப்புக்குச் சரியாக வந்து சேர்வதை முதலில் பழகுங்கள். கணக்கும் குறைப்பும் (ஸ்வரத்தின் அளவைப் படிப்படியாகச் சுருக்கிக்கொண்டே வருவது) அப்புறம். நிரவல் (பாட்டின் ஒரு வரியை எடுத்துக்கொண்டு தாளத்துக்குள் விதவிதமாக விரித்துப் பாடுவது) கடைசியில் வரும். சாகித்தியத்தின், அதாவது பாட்டு வரிகளின், பொருள் தெரியாதவருக்கு அது வரவே வராது.

சாகித்தியம் என்றதும் சொல்ல வேண்டியது. தமிழில் எழுதிய நோட்டை வைத்துத் தெலுங்குப் பாட்டையும் சமஸ்கிருதப் பாட்டையும் கற்கிறோம். நம் 'க' ஒன்று, அவர்களுக்கு நாலு. அதனால்தான் பழைய ஸ்வரதாளக் குறிப்புப் புத்தகங்களில் எழுத்துக்கு மேல் 2, 3, 4 என்று எண் போட்டிருக்கும். அதைப் பார்க்காமல் பாடினால் பொருள் தலைகீழாகப் போகும் இடங்கள் உண்டு. ஆறு மாதம் தெலுங்கு எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். பதம் பிரிப்பது தெரிந்தாலே பாட்டின் நடை மாறிவிடும். தமிழ்ப் பாட்டில் இந்தச் சாக்கு நமக்கு இல்லை. முத்துத் தாண்டவரையும் கோபாலகிருஷ்ண பாரதியையும் பாபநாசம் சிவனையும் பெரியசாமித் தூரனையும் கடைசி அரைமணித் துக்கடாவுக்கு (கச்சேரி முடிவில் பாடும் சின்னப் பாட்டுகள்) ஒதுக்கி வைக்காமல் நடுக் கச்சேரிக்குக் கொண்டுவருபவர்களுக்கு இன்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 1943ல் தொடங்கிய தமிழ் இசைச் சங்கத்தின் மேடை இருக்கிறது. தேவாரத்தை முறையாகப் பண்ணோடு கற்றவருக்குக் கோயில் ஓதுவார் பணி என்ற வழியும் உண்டு.

சான்றிதழ் வேண்டுமா?

மேடைக்கு வேண்டாம். பள்ளியில் பாட்டு ஆசிரியர் வேலை, கல்லூரி வேலை, வெளிநாட்டு விசா இவற்றுக்கு வேண்டும். அரசுத் தேர்வுத் துறை நடத்தும் தொழில்நுட்பத் தேர்வுகளில் இசைக்கு லோயர், ஹையர் என்று இரண்டு நிலை இருக்கிறது. வேலையில் இருந்துகொண்டே எழுதலாம். அதற்குமேல் தொழில் ஆசிரியர் சான்றிதழ் வாங்கினால் பள்ளி வேலைக்கு விண்ணப்பிக்கலாம்.

முழுநேரமாகப் படிக்க விரும்பினால் மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் குரலிசைக்கு மூன்று வருடப் படிப்பு இருக்கிறது. சென்னை, மதுரை, கோவை, திருவையாறு ஆகிய ஊர்களில் அரசு இசைக் கல்லூரிகள் இருக்கின்றன. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இசைத்துறை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் இந்திய இசைத்துறை, 1936ல் ருக்மிணி தேவி தொடங்கிய கலாக்ஷேத்ரா என்று பழைய இடங்களும் உண்டு. கல்லூரியில் லட்சணமும் (இசை இலக்கணம்) பட்டமும் கிடைக்கும், சக மாணவர்களில் வயலின்காரரும் மிருதங்கக்காரரும் நண்பர்களாகக் கிடைப்பார்கள். கடைசியில் சொன்னதை யாரும் மதிப்பதில்லை. பின்னால் உங்கள் முதல் பத்துக் கச்சேரிக்குப் பக்கவாத்தியம் அவர்கள்தான். கல்லூரியில் சேர்ந்தாலும் வெளியே ஒரு குருவிடம் தனியாகக் கற்பதை நிறுத்தாதீர்கள்.

உதவித்தொகை பற்றி ஒரு வார்த்தை. மத்திய அரசின் கலாசார வளங்கள் மற்றும் பயிற்சி மையமான சிசிஆர்டி, 10 முதல் 14 வயதுக் குழந்தைகளுக்குத் திறன் தேடல் உதவித்தொகை தருகிறது. 18 முதல் 25 வயதுக்குள் இருப்பவர்களுக்குக் கலாசார அமைச்சகத்தின் இளங்கலைஞர் உதவித்தொகை இரண்டு வருடத்துக்கு உண்டு. தகுதி இருந்தும் தேதியைத் தவறவிடுபவர்களே அதிகம், ஆகவே அறிவிப்புகளைக் கவனித்துக்கொண்டே இருங்கள்.

முதல் மேடைகள்

கோயில் உற்சவம், நவராத்திரிக் கொலு, ராமநவமிப் பந்தல், குடியிருப்புச் சங்கத்தின் சின்ன விழா. இங்கெல்லாம் சன்மானம் வராது, வந்தாலும் ஆட்டோவுக்குத்தான் காணும். ஆனால் மைக்கில் சொந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே பாடுவது, எதிரே சுண்டல் வாங்கக் கூட்டம் எழுந்து போகும்போதும் சுருதி விலகாமல் நிற்பது இதெல்லாம் இங்கேதான் படியும். திருவையாற்றில் புஷ்ய பகுள பஞ்சமியை ஒட்டி நடக்கும் தியாகராஜ ஆராதனையில் சில நிமிடங்கள் பாடி அஞ்சலி செலுத்த எத்தனையோ இளம் பாடகர்கள் போகிறார்கள். அங்கே எல்லோரும் சேர்ந்து தியாகராஜரின் ஐந்து பஞ்சரத்ன கீர்த்தனைகளைப் பாடும் கோஷ்டியில் உட்கார வேண்டுமானால் நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ ஐந்தும் நோட்டில்லாமல் வர வேண்டும். (வராளியை குரு சிஷ்யனுக்கு நேராகச் சொல்லித்தரக் கூடாது என்று ஒரு நம்பிக்கை, எல்லோரும் எப்படியோ கற்றுக்கொண்டுதான் பாடுகிறார்கள்.)

சபாக்களுக்கு வருவோம். சென்னையில் மார்கழி சீசனுக்குள் நுழைவது படிப்படியாகத்தான். மதிய நேரத்து இலவசக் கச்சேரிகள் இளையவர்களுக்கு. நாலு மணி வாக்கில் சப் சீனியர். மாலையில் ஆறு, ஏழு மணிக்கு டிக்கெட் வாங்கி வரும் கூட்டத்துக்கு சீனியர் வித்வான்கள். மதிய ஸ்லாட்டிலிருந்து நாலு மணிக்கு வர ஐந்து வருடமும் ஆகலாம், பதினைந்து வருடமும் ஆகலாம், வராமலே போகலாம். சிறிய சபாக்கள், இளைஞர் விழாக்கள், வருடம் முழுவதும் நடக்கும் மாதாந்திரக் கச்சேரிகள் இவற்றில் பாடிப் பெயர் வந்த பிறகே பெரிய சபாவுக்கு விண்ணப்பம் போடுங்கள். விண்ணப்பத்தோடு இருபது நிமிட ஒலிப்பதிவு போதும்: ஒரு வர்ணத்தின் பகுதி, ஒரு ஆலாபனை, நிரவல் ஸ்வரத்தோடு ஒரு கீர்த்தனை. வெட்டி ஒட்டாத பதிவாக இருக்கட்டும். சபா செக்ரட்டரிக்கு மாதம் ஒருமுறை வணக்கம் அனுப்பிக்கொண்டிருப்பதைவிட மற்றவர்களின் கச்சேரிக்குப் போய்க் கடைசி வரை உட்கார்ந்து கேளுங்கள். உங்கள் முகம் அங்கேதான் பதியும்.

மேடை தருவதற்கு நன்கொடை கேட்கும் அமைப்புகளும் உண்டு. நான் கொடுக்காதீர்கள் என்றே சொல்வேன். காசு கொடுத்து ஏறிய மேடையிலிருந்து அடுத்த அழைப்பு வருவதில்லை. அடுத்த ரசீதுதான் வரும்.

ரேடியோ கிரேடு

தொலைக்காட்சியும் இணையமும் வந்தபிறகும் ஆகாசவாணியின் கிரேடுக்கு மதிப்புப் போகவில்லை. பி, பி ஹை, ஏ, ஏ டாப் என்று நாலு படிகள். உங்கள் ஊருக்கு அருகிலுள்ள நிலையத்தில் ஆடிஷனுக்கு விண்ணப்பிக்க வேண்டும். தெரிந்த ராகங்கள், உருப்படிகள் என்று பட்டியல் கேட்பார்கள். அதிலிருந்து எதை வேண்டுமானாலும் பாடச் சொல்லலாம் என்பதை மறந்து பெருமைக்காக நீளமாக எழுதிவிட்டு மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. எந்த நேரம் கேட்டாலும் பாட முடிந்ததை மட்டும் எழுதுங்கள். ஒலிப்பதிவை வைத்து மதிப்பிடும்போது முகமும் சிபாரிசும் கண்ணுக்குத் தெரியாது. சுருதி விலகல் மட்டும் பூதக்கண்ணாடியில் தெரியும். முதல்முறை வராவிட்டால் மறுபடி போடலாம். கிரேடு வந்தபின் நிகழ்ச்சிக்குத் தொகை கிரேடுக்கேற்பத் தருவார்கள். அதைவிட முக்கியம், மற்ற அமைப்புகள் உங்கள் அறிமுகக் குறிப்பில் முதலில் தேடும் வரி அதுதான்.

கச்சேரியை அமைப்பது

வர்ணத்தில் தொடங்கி, பிள்ளையார் பாட்டு, விறுவிறுப்பாக ஒன்றிரண்டு, சப் மெயின், மெயின், தனி ஆவர்த்தனம் (மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கும் பகுதி), துக்கடா, மங்களம் என்ற இன்றைய முறைக்கு வடிவம் கொடுத்தவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் என்பார்கள். ஒன்றரை மணி நேரம் தருகிறார்கள் என்றால் ஏழு உருப்படிக்குமேல் திட்டமிடாதீர்கள். அடுத்தடுத்து ஒரே ஸ்வர அமைப்புள்ள ராகங்கள் வராமல், ஆதி தாளமே நாலு முறை தொடராமல், ஒரே வாக்கேயக்காரர் (பாட்டை இயற்றியவர்) மூன்று முறை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டியலை வயலின்காரருக்கும் மிருதங்கக்காரருக்கும் முன்னாடியே அனுப்புவது மரியாதை. அரிய ராகம் எடுப்பதாக இருந்தால் கட்டாயம்.

பக்கவாத்தியக்காரரின் சன்மானம் என்ன, யார் தருகிறார்கள் என்பதை ஒப்புக்கொள்ளும்போதே பேசிவிடுங்கள். சபா தரும் தொகை போதாமல் இளம் பாடகர்கள் தம் கையிலிருந்து போட்டுக் கொடுப்பது இன்றும் நடக்கிறது. ஆரம்பத்தில் அது தவிர்க்க முடியாத செலவு என்று வைத்துக்கொண்டு, வருடத்துக்கு எத்தனை கச்சேரி அப்படிப் பாட முடியும் என்று வரம்பு போடுங்கள். தனி ஆவர்த்தனத்துக்கு நியாயமான நேரம் விடுங்கள். அந்த நேரத்தில் பாதிக் கூட்டம் கேன்டீனுக்கு எழுந்து போகும், அது உங்கள் குற்றமில்லை. நீங்கள் தாளம் போட்டுக்கொண்டு அவரைப் பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

மேடையில் டேப்லெட்டைப் பார்த்துப் பாடுவது இப்போது சகஜமாகிவிட்டது. பழமைவாதி என்று சொன்னாலும் பரவாயில்லை, அது எனக்குப் பிடிக்காது. ஐம்பது உருப்படியாவது பார்க்காமல் பாட வரும்வரை கச்சேரி ஒப்புக்கொள்ளாமல் இருக்கலாம்.

கச்சேரிக்கு வெளியே பாட்டுக்கு இருக்கும் நல்ல வேலை, பரதநாட்டியத்துக்குப் பாடுவது. அரங்கேற்றங்கள் வருடம் முழுவதும் நடக்கின்றன. ஒத்திகைக்கும் நிகழ்ச்சிக்கும் தனித்தனியாகப் பணம் பேசிக்கொள்ளலாம். பதவர்ணமும் ஜாவளியும் பதமும் தெரிந்திருக்க வேண்டும். அபிநயத்துக்காக ஒரே வரியைப் பத்து விதமாகத் திருப்பிப் பாட வேண்டும், நட்டுவாங்கத்தின் (ஜதி சொல்லித் தாளம் தட்டி ஆட்டத்தை நடத்துவது) மேல் ஒரு கண் இருக்க வேண்டும். டான்ஸுக்குப் பாடுபவர் என்ற முத்திரை விழுந்துவிடும் என்று பயமுறுத்துவார்கள். பொருளை உணர்ந்து பாடுவதற்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

பாடம் சொல்லத் தொடங்குவது

நன்றாகப் பாடுபவரெல்லாம் நன்றாகச் சொல்லித்தருவதில்லை. உங்களுக்குத் தானாக வந்த ஒன்றை வராத குழந்தைக்குப் பிரித்துக் காட்டுவது தனித் திறமை. அதையும் கற்க வேண்டும். தொடங்குமுன் ஒரு வருடம் உங்கள் குருவின் வகுப்பில் சிறு குழந்தைகளுக்குத் துணை ஆசிரியராக உட்கார அனுமதி கேளுங்கள். கமகம் (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது) ஏன் வரவில்லை, குழந்தை எங்கே மூச்சு விடுகிறது, கையும் வாயும் எங்கே பிரிகின்றன என்று பார்க்கும் கண் அப்போதுதான் திறக்கும்.

விஜயதசமி அன்று வகுப்பைத் தொடங்குவது வழக்கம், நல்ல வியாபார நாளும்கூட; அன்றைக்குத்தான் பெற்றோர்கள் குழந்தைகளைச் சேர்க்க வருவார்கள். முதல் நாளே நாலு விஷயத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்: மாதக் கட்டணம் எத்தனை வகுப்புக்கு, எந்தத் தேதிக்குள், குழந்தை வராத வகுப்புக்கு மாற்று உண்டா, நீங்கள் கச்சேரிக்காக ஊருக்குப் போனால் என்ன ஏற்பாடு. சங்கீதத்தில் பணம் பேசக் கூச்சப்படுவது பெருந்தன்மை மாதிரி தெரியும். ஆறு மாதத்தில் கசப்பாக மாறும். உங்கள் பகுதியில் உங்கள் அனுபவத்துக்கு இணையானவர்கள் என்ன வாங்குகிறார்களோ அதையே வாங்குங்கள். குறைத்து வாங்கினால் கூட்டம் சேரும், சொல்லித்தரத் தெம்பு இருக்காது. வசதியில்லாத குழந்தை நன்றாகப் பாடினால் பணம் வாங்காதீர்கள். அதை யாரிடமும் சொல்லவும் வேண்டாம்.

கூட்டு வகுப்பில் சுருதிதான் பெரிய தலைவலி. ஐந்து கட்டையில் பாடும் ஆசிரியையிடம் வளர்ந்த ஆண் ஒருவர் கற்க வந்தால் அவர் மேலேயும் போக முடியாமல் கீழேயும் நிற்க முடியாமல் தவிப்பார். அவரைத் தனியாக எடுத்து, அவர் சுருதியை வைத்து, நீங்கள் ஒரு வரி பாடிக் காட்டியபின் சுருதியை மாற்றி அவரைப் பாடவிடுங்கள். குழந்தைகளை ஒரே சுருதிக்கு நாலைந்து பேராகப் பிரியுங்கள். பத்துப் பேரைச் சேர்த்துப் பாடவிட்டால் சத்தம் நன்றாக இருக்கும், அதில் யார் தப்பு என்பது காதில் விழாது. ஒவ்வொரு வகுப்பிலும் ஒவ்வொருவரும் ஒரு முறையாவது தனியாகப் பாட வேண்டும்.

அவசரப்படுத்தும் பெற்றோர்கள் வருவார்கள். மூன்றாம் மாதம் "எப்போ பாட்டு ஆரம்பிப்பீங்க?" என்பார்கள். வரிசை நடக்கும்போதே பக்கத்தில் சின்ன நாமாவளி, எளிய திருப்புகழ், நொட்டுஸ்வரம் (மேற்கத்திய மெட்டில் அமைந்த சின்னப் பாட்டு) என்று ஒன்றிரண்டு சொல்லிக்கொடுங்கள். குழந்தை வீட்டில் பாடிக் காட்ட ஒன்று இருந்தால் பெற்றோர் அமைதியாவார்கள், அலங்காரம் தன் போக்கில் நடக்கும். போட்டிகளை அளவோடு வையுங்கள். வருடம் முழுவதும் போட்டிக்கென்றே ஒரு பாட்டைத் தீட்டிக்கொண்டிருக்கும் குழந்தைக்குப் பரிசு வரும், சங்கீதம் வராது.

இணைய வகுப்பு இன்று தவிர்க்க முடியாதது. கடல் கடந்த மாணவர்கள் பலர் இதில்தான் கற்கிறார்கள். அமெரிக்காவில் கிளீவ்லண்டில் 1978 முதல் தியாகராஜ ஆராதனை நடக்கிறது, அங்கே வளரும் பிள்ளைகளின் ஆர்வத்தைக் குறைத்து மதிப்பிட முடியாது. நேர இடைவெளி காரணமாக இருவரும் சேர்ந்து பாடவோ சேர்ந்து தாளம் போடவோ முடியாது. நீங்கள் பாட அவர் கேட்க, பிறகு அவர் பாட நீங்கள் கேட்க என்றுதான் நடத்த வேண்டும். அவர் பக்கத்தில் ஒரு சுருதி, உங்கள் பக்கத்தில் ஒரு சுருதி தனித்தனியாக ஒலிக்கட்டும். மீட்டிங் செயலிகள் தம்புராவின் தொடர் ஒலியை இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிடும், ஒரே ஸ்வரத்தில் நீட்டி நிற்கும் கார்வையையும் பாதியில் விழுங்கும். அமைப்புகளுக்குள் போய் இரைச்சல் நீக்கத்தை அணைத்து, மூல ஒலியை அப்படியே அனுப்பும் தேர்வை இயக்குங்கள். வகுப்பு முடிந்ததும் அன்றைய பாடத்தைப் பாடிப் பதிவு செய்து அனுப்பிவிடுங்கள். மாணவர் தாளத்தோடு பாடிப் பதிவு செய்து திருப்பி அனுப்ப வேண்டும். அதைக் கேட்டால்தான் தாளம் நிற்கிறதா என்பது தெரியும்.

தொண்டை

கச்சேரியைவிடப் பாடம் சொல்வதுதான் தொண்டையை அதிகம் தேய்க்கும். தினம் ஐந்து மணி நேரம் குழந்தைகளின் சத்தத்துக்கு மேல் பாடும் ஆசிரியருக்கு இரண்டு வருடத்தில் மேல் ஸ்தாயி கரகரப்பாகிவிடும். பேசும்போது சின்ன மைக் வைத்துக்கொள்ளலாம், முழுவதும் பாடிக் காட்டாமல் முன்னேறிய மாணவரைப் பாடச் சொல்லலாம். கச்சேரிக்கு முந்தின நாள் வகுப்பு வைக்காதீர்கள். தண்ணீர் நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக. மிளகுப் பாலும் பனங்கற்கண்டும் இதமாக இருக்கும், ஆனால் விழுங்குவது எதுவும் குரல் நாண்களை நேராகத் தொடுவதில்லை. இரவு தாமதமாகச் சாப்பிட்டுவிட்டு உடனே படுப்பவர்களுக்கு அமிலம் மேலேறிக் காலையில் தொண்டை கட்டும். சாதகம் செய்பவர்கள் கவனிக்க வேண்டிய முதல் பழக்கம் அது. குரல் கம்மினால் கிசுகிசுப்பது ஓய்வாகாது, அதுவும் தொண்டைக்கு வேலைதான். மூன்று வாரத்துக்கு மேல் கரகரப்பு நீடித்தால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்க் குரல் நாணைப் பார்க்கச் சொல்லுங்கள். முடிச்சு விழுந்திருந்தால் ஆரம்பத்தில் ஓய்வாலும் பயிற்சியாலும் சரிசெய்ய வழி உண்டு.

கணக்கும் பதிவும்

இணையத்தில் பதிவேற்றும்போது மும்மூர்த்திகளின் (தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி) பாடல்களுக்கு யாரிடமும் அனுமதி வேண்டியதில்லை. பதிப்புரிமை இந்தியாவில் ஆசிரியர் மறைந்து 60 வருடம் வரை நிற்கும். 1973ல் மறைந்த பாபநாசம் சிவனின் பாடல்கள் இன்னும் அந்த வரம்புக்குள் இருக்கின்றன. பழைய கீர்த்தனைக்கும் சில சமயம் தானியங்கி முறையில் ஏதாவது இசை நிறுவனத்தின் பெயரில் உரிமைக் கோரிக்கை வந்து நிற்கும். பயந்து நீக்கிவிடாமல், பாடல் பொதுச் சொத்து, பாடியது நான் என்று மறுப்புப் போடுங்கள்.

கச்சேரி, ஒத்திகை, வகுப்பு மூன்றுக்கும் ஒரே வங்கிக் கணக்கு வைத்து, வரவையும் செலவையும் மாதாமாதம் எழுதுங்கள். நிறுவனங்கள் தரும் தொகை வரம்பைத் தாண்டினால் வரி பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். பான் எண் கொடுத்து, வருடக் கடைசியில் கணக்குத் தாக்கல் செய்தால் கூடுதலாகப் பிடித்தது திரும்ப வரும். பக்கவாத்தியத்துக்குக் கொடுத்தது, ரயில் கட்டணம், மைக், சுருதிப் பெட்டி எல்லாம் தொழிற்செலவு. ரசீதை அன்றன்றைக்கே ஒரு உறையில் போட்டு வையுங்கள்.